கம்பியில்லாத போன்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுக்கு வீடு கிடைத்தது. நான்காவது மாடி, மூவறை வீடு. டெலிபோன் இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே கம்பியை முடித்துவிட்டுப் போய்விட்டதால், செருப்பு அலமாரிக்கு மேல்தான் போன் உட்கார்ந்திருந்தது. மணி அடித்தால், வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் வாசலுக்கு ஓட வேண்டும். என் கணவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

அவர் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். மாதா கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பார். மைக் மக்கர் செய்த நாட்களிலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சமையலறையில் நின்று அவர் குரலைத்தான் முதலில் கேட்டேன்.

தைராய்டில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, சில மாதம் குரல் சோர்ந்துபோகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. வீட்டுக்கு வந்தபோது அவர் பேச்சில் பாதி காற்றாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஏதோ முனகுவதுபோல இருக்கும்.

அவருக்கு இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு. நான் ஆங் மோ கியோவில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் கிளார்க். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுவேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து, கழுத்தைத் திருப்பாமல் சுவரைப் பிடித்து நடந்து வருவதற்குள் மணி நின்றுவிடும். ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் முழுக்க டைப் அடித்ததில் பிழையாக இருக்கும்.

அப்போதுதான் கம்பியில்லாத போன் பற்றிக் கேள்விப்பட்டேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சின்னத் தெருவில் ரேடியோ, காற்றாடி, டேப் ரெக்கார்டர் விற்கும் ஒரு பாயின் கடை இருந்தது. நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்த குடும்பம். எங்கள் டிவியும் அங்கே வாங்கியதுதான்.

"பேஸ் பெட்டியை ஹால்ல வைங்க, கைல எடுக்கறதைக் கட்டில் பக்கத்துல வைங்க, அவ்ளோதான் அக்கா. அண்ணன் படுத்துக்கிட்டே பேசலாம்" என்றார் பாய்.

வாங்கிவந்த முதல் நாளே தகராறு. ஹாலில் நின்று பேசினால் நன்றாக இருந்தது. படுக்கையறைக்குக் கொண்டுபோனால் எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரே இரைச்சல். சில சமயம் மணியே அடிக்காது. இரண்டாம் நாள் என் தம்பி கூப்பிட்டு, "என்னக்கா இது, மாமா எடுத்தாரு, ஒண்ணுமே கேக்கல. போன் வாங்கினியா, தகரம் வாங்கினியா?" என்றான்.

பாயிடம் போனேன். அவர் டாக்டர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பேஸ் எங்க இருக்கு?"

"டிவி மேல."

"அங்க வைக்கக் கூடாது லா. டிவிலேர்ந்து கொரகொரன்னு வரும். ஏரியலை முழுசா இழுத்தீங்களா?"

"பாதிதான். இடிக்குது."

"முழுசா இழுங்க. ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல இரும்பு ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த இரும்பு அலமாரி, அந்தச் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த ஞாயிறு பூசை முடிந்து தம்பி வந்தான். நானும் அவனும் துணிமணியை எல்லாம் வெளியே எடுத்து அலமாரியை ஜன்னல் பக்கம் தள்ளினோம். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கையாலேயே வழி காட்டினார். இரைச்சல் பாதிக்குமேல் குறைந்தது.

அடுத்த வாரம் வேறொரு கூத்து. போனை எடுத்தால் ஒரு மலாய்க்காரம்மா யாரிடமோ அஸாம் பெடாஸ் குழம்புக்கு எந்த மீன் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார். அவருடைய மருமகளுக்குச் சமைக்க வராது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உங்கள் அடுக்குமாடி புளோக்கில் வேறு யாரோ இதே சேனலில் போன் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பாய் முகம் சுளிக்காமல் வேறு சேனல் உள்ள பெட்டியை மாற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு இரைச்சல் இல்லை, அடுத்த வீட்டுக் குரலும் இல்லை. நான் ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். "சாப்பிட்டேன். நீ சாப்டியா?" என்பார். எனக்கு எல்லாமே புரிந்தது.

மற்றவர்களுக்குப் புரியவில்லை. தம்பி, "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுவான். வேலையிடத்திலிருந்து கூப்பிட்டவர்கள் லைன் சரியில்லை, அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். கோயில் கமிட்டியிலிருந்து ஒருவர் இவர் குரலைக் கேட்டுவிட்டு, "அக்காவா? அண்ணன்கிட்ட குடுங்க" என்றாராம். அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது போன் அதன் பேஸில் இல்லை. மேசை இழுப்பறைக்குள் கிடந்தது.

"இன்னும் சரியாகல" என்றார் அவர்.

"ஆமாங்க. பாய்கிட்ட மறுபடி கேக்குறேன்" என்றேன்.

இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கோளாறு போனில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் மூன்றாவது முறையும் பஸ் ஏறி சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன்.

பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "சனிக்கிழமை மத்தியானம் உட்லண்ஸ்ல ஒரு டிவி இறக்கணும். வழியில நானே வந்து பாத்துடறேன்."

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. நான் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பாயும் வந்தார். பேஸைத் திருப்பிப் பார்த்தார், பிளக்கைக் கழற்றி மாட்டினார், அறைக்கும் ஹாலுக்கும் நடந்து பார்த்தார். பிறகு, "நான் கீழ போய் பப்ளிக் போன்லேர்ந்து அடிக்கிறேன், பேசுங்க" என்று இறங்கிப் போனார்.

மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"கண்ணாடி மாதிரி கேக்குது அக்கா. அண்ணன்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்து, "ஹலோ! பாய்! கேக்குதா?" என்று தன் பலத்தையெல்லாம் போட்டுக் கத்தினார். கழுத்துத் தழும்பு சிவந்தது. வெளியே வந்ததோ வெறும் காற்று. மறுபடியும் கத்தினார். அந்தப் பக்கம் பாய் என்ன சொன்னாரோ, இவர் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பாய் மேலே வந்தார். அறை வாசலில் தயங்கி நின்றார். என் கணவர்தான் முதலில் பேசினார்.

"போன் நல்லாத்தானே இருக்கு, பாய்?"

பாய் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு அண்ணே. நீங்க கத்துறீங்க, அதான் பிரச்சினை. கத்தினா காத்துதான் மைக்ல மோதுது, பேச்சு வரல. இந்தச் சின்ன ஓட்டை தெரியுதா? இதுக்குள்ளதான் மைக். வாயை இது கிட்ட கொண்டாங்க. இப்ப என்கிட்ட எப்படிப் பேசுனீங்க, அதே மாதிரி பேசுங்க. போதும்."

மறுபடியும் நான்கு மாடி இறங்கிப் போனார். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. மணி அடித்தது. என் கணவர் போனை உதட்டோடு ஒட்டி வைத்து, தணிவாக, "பாய், நான்தான்" என்றார்.

பாய் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் பேசியது மட்டும் கேட்டது. "ம்... ஆமா... இல்ல பாய், வலி இல்ல... விழுங்கும்போது மட்டும் கொஞ்சம்... உங்க ஊர்ப் பக்கமா? எங்க அம்மாவுக்கும் அங்கதான்..." பேச்சு நீண்டுகொண்டே போனது. கடைசியில், "காசு போட்டுக்கிட்டே இருக்காதீங்க பாய், மேல வந்து டீ குடிங்க" என்றார். முகம் வியர்த்திருந்தது. ஆனால் போனைக் கீழே வைக்க அவருக்கு மனம் இல்லை.

பாய் டீ குடித்துவிட்டுப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லும்போது உங்க மொகம் கொஞ்சம் தேவலையா இருந்துச்சு. அதைக் கெடுக்க மனசு வரல."

"எனக்கும் தெரியும். நீ நம்புறேன்னு நெனச்சு நானும் சும்மா இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டேன். "போன் இல்லடா, மாமா குரல்தான் அப்படி ஆயிருக்கு. நீ ஹலோ ஹலோன்னு கத்தாம, கொஞ்சம் பொறுமையா காது குடு" என்றேன். அவன் அடுத்த நாள் கூப்பிட்டு, மாமாவிடம் அரை மணி நேரம் கால்பந்து பேசினான். வேலையிடத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் அவரே போன் போட்டார். சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். புரியவில்லை என்று யாராவது சொன்னால் கோபப்படாமல் இன்னொரு தரம் சொன்னார்.

குரல் முழுதாகத் திரும்பவில்லை. எட்டு மாதம் போனபின் கொஞ்சம் கனம் கூடி, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு குரல் வந்து நின்றது. அதற்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசகத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபாதரிடம் அவரே சொன்னார். அதற்கு அடுத்த சில ஞாயிறுகளில், வாசகம் நடக்கும்போது அவர் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

விடுப்பு முடிந்ததும் ஸ்டோருக்குத் திரும்பியிருந்தார். முதல் வாரம் எனக்கு ஒரே கவலை. இரும்பு அடிக்கிற இடம், ஆட்கள் எல்லாரும் சத்தம் போட்டுப் பேசியே பழகியவர்கள். ஒரு நாள் சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நான் மெதுவா பேசுறேன்ல, அவங்க கவுண்டர்ல சாஞ்சு கிட்ட வர்றாங்க" என்றார். "கிட்ட வந்ததும் அவங்களும் மெதுவா பேசுறாங்க. ஒரு போல்ட் வேணும்னு ரகசியம் மாதிரி கேக்குறான் லா!"

அதைச் சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.