கூரை இல்லாத ஞாயிறுகள்

மாத்தூரில் எங்கள் வீட்டைக் கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆனது. அதில் பாதி வருஷங்களுக்கு மேல் அந்த வீட்டுக்குக் கூரை கிடையாது. நான் மிக நிம்மதியாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால், அந்தக் கூரையில்லாத வீட்டுக்குள் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் வியாசர்பாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர் பெட்டிகள் அலையில் சரியாமல் இருக்க இரும்புக் கம்பி போட்டு இறுக்குவார். நான் திருவொற்றியூரில் ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. “யாருக்குத்தான் இப்படி வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேக்குறீங்க?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

கையில் மிச்சம் பிடித்ததை வைத்துத்தான் கட்டுவது என்பது அவருடைய பிடிவாதம். வெளியே டீ குடிப்பதை நிறுத்தினார். பீச் ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகம்வரை நடந்தே போனார். அவர் சட்டைக் காலர் நைந்துபோனால் நான் தையலைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பேன். இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஒரு மாதம் மணல் வரும், ஒரு மாதம் செங்கல் வரும், சில மாதங்கள் ஒன்றும் வராது. சுவர் ஜன்னலுக்கு மேலே கொஞ்சம் எழுந்து, அப்படியே நின்றது.

ஞாயிறு காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். கதவே இல்லாத வீடுதான், ஆனாலும் அவர் வாசல் விட்ட இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கூடத்தில் பாய் போட்டுப் படுப்போம். மேகம் சமையலறைப் பக்கம் வந்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறைக்குள் போகும். வெயிலும் அப்படித்தான், அறை அறையாக நடக்கும். நாங்கள் அதற்குப் பயந்து பாயை இழுத்துக்கொண்டு நிழல் இருக்கும் அறைக்குக் குடிபோவோம். தூறல் போட்டால் ஆளுக்கொரு ஜன்னல் மேடையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்குள் மழை பெய்வதைப் பார்ப்போம். அந்தி நேரத்தில் மணலி எண்ணெய் ஆலைப் புகைபோக்கி ஒன்றின் உச்சியில் தீ எரிவது தெரியும். அந்த வெளிச்சத்தில் பூசாத செங்கல் எல்லாம் லேசாகச் சிவக்கும். கடைசி பஸ்ஸை விடக் கூடாதே என்பது ஒன்றுதான் கவலை.

ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது எங்கள் சமையலறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, புடவை காய்ந்துகொண்டிருந்தது. மூலையில் நீலத் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள்.

“யாரும்மா நீ? யாரக் கேட்டு உள்ள வந்த?” என்றார் அவர்.

“கோச்சுக்காதீங்கண்ணா. பாதில வுட்டுட்டுப் போன வூடு மாரி கீதேன்னு நெனச்சேன். ஒரு வாரமா இங்கதான் படுத்துகினு கீறேன்.”

“வுட்டுட்டுல்லாம் போவல. கட்டிகினுதான் கீறோம்.”

அவள் சித்தாள் வேலை செய்பவள். கால்வாய் ஓரத்தில் இருந்த குடிசை தீப்பிடித்து எரிந்துபோனதாம். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்றாம். குடிசை மாற்று வாரியத்தில் போர்டு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளாம். அது கிடைக்கும்வரைக்கும் என்று வேலை நடக்கிற கட்டிடங்களிலேயே தங்கி, அங்கே வேலை முடிந்ததும் எங்கள் சுவர்களுக்கு நடுவே வந்துவிட்டிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பத்து நாளுக்கு முன்னால் கொத்தனார் கடைசியாக வைத்த வரிசை ஈரமாக இருந்தது. சரிந்து கிடந்த செங்கல்லும் நேராக அடுக்கப்பட்டிருந்தது.

“இத யாரு நனைச்சது?” என்று கேட்டேன்.

“நான்தாங்கா. தெருமுனை பம்புல அடிச்சாந்து ஊத்துனேன். அப்பாலதான் பாத்தேன், புதுசா வெச்ச செவுரு காஞ்சி கெடக்குது, மனசு கேக்கல.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னார். “அடுத்தவன் பொருள் மேல ஆசப்படுறவளா இருந்தா, செங்கல வித்துட்டுப் போயிருப்பா. இருந்துட்டுப் போவட்டும்மே.”

எனக்கு மனசு வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் திருடுவாள் என்று நான் பயப்படவில்லை. என் வீட்டில் எனக்கு முன்னால் இன்னொருத்தி உறங்கி எழுகிறாளே என்ற பொறாமைதான். அந்த வாரம் முழுக்கக் காலர் தைத்தபடியே, அவளைப் போகச் சொல்வதற்கான வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு போனதும் அவள் கையில் கரித்துண்டோடு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். “அக்கா, மேடை எங்க வருது? இந்தாண்டையா? அப்போ சாயங்கால வெயிலு நேரா உன் மூஞ்சில அடிக்கும். அந்தாண்ட போட்டுக்க. இங்க நின்னு பாரு.” தரையில் கோடு கிழித்தாள். நான் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றேன். இல்லாத அடுப்புக்கு முன்னால் இல்லாத கரண்டியைப் பிடித்தபடி நின்ற அந்த நிமிஷத்தில், வாரமெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். சும்மா சாப்பிட மாட்டேன் என்று அவள் நெத்திலிக் கருவாடு வறுத்து எடுத்து வந்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அவள் அங்கே இருந்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்த சுவருக்குத் தினமும் தண்ணீர் விட்டாள். உடைந்த செங்கல்லைக்கூட வீணாக்காமல், தரை நிரப்ப உதவும் என்று ஓரமாகக் குவித்து வைத்தாள். ஞாயிறுகளில் நாங்கள் மூன்று பேரானோம். பாயை இழுத்துக்கொண்டு நிழலுக்குக் குடிபோவது மட்டும் மாறவில்லை.

கடைசியில் கூரைக்கான பணம் சேர்ந்தது. காங்கிரீட் போடும் அன்று அவள் கூலி வேண்டாம் என்றாள்.

“கூலி வாங்க மாட்டன்னா கலவைல கை வெக்காத. ஒயச்சதுக்கு வாங்கறதுல இன்னா வெக்கம்?” என்றார் அவர். அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு சாரம் ஏறினாள்.

பலகைச் சந்துகளில் தெரிந்த வானமும் மத்தியானத்துக்குள் காங்கிரீட்டில் மூடிப்போனது. முட்டுக்கொடுத்த சவுக்குக் கழிகளுக்கு நடுவே நான் தனியாக நின்றேன். இருட்டு. ஈரச் சிமெண்ட் வாசனை. பலகை இடுக்கில் தண்ணீர் சொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னாம்மே ஆச்சி?” என்று அவர் ஓடி வந்தார்.

“வானம் போயிட்டுதுங்க.”

மேலேயிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஏணில ஏறி வாக்கா. அது எங்கியும் போவல, இங்கதான் கீது.”

காங்கிரீட் வெடிக்காமல் இறுகக் கூரைமேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, அது வற்றாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அந்தத் தண்ணீர் வடிந்த வாரத்தில் அவளுக்கு எண்ணூர் பக்கம் போர்டு வீடு கிடைத்த செய்தி வந்தது. தார்ப்பாயை மடித்து எடுத்துக்கொண்டாள். கிளம்புமுன் சமையலறையைப் பெருக்கிவிட்டுப் போனாள். நாங்கள் பால் காய்ச்சிய அன்று வந்து, பந்தியில் பரிமாறி, எல்லோரும் போன பிறகு கடைசியாகச் சாப்பிட்டாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்றாவது மாடி. ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கழிமுகம் வெள்ளித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. கட்டுமரம் ஒன்று போகிறதா நிற்கிறதா என்று தெரியாதபடி மிதந்தது. கத்திவாக்கத்தில் வாங்கிய இறாலைக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் வெறும் தரையிலேயே சாய்ந்து, பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனார். ரயிலுக்கு நேரமாகிறதே என்று எழுப்பப் போனேன்.

“வுடுக்கா, தூங்கட்டும். அடுத்த வண்டில போங்க” என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

குழம்புக்குப் போக மீதியிருந்த இறாலை உரித்தபடி நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். பேச்சு வந்தபோது பேசினோம். வராதபோது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.