பச்சை வாசனை போக வறுத்த மாவு

அக்கா இல்லாமல் ஓர் ஆண்டைத் தள்ளிவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அக்கா போட்ட பஜ்ஜியைச் சாப்பிட்டவர்கள்தாம். அதனால் தம்பி நான் மாவிலிருந்தே எழுதத் தொடங்கினால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

அக்கா பிறந்தது கொள்ளேகாலத்தில். அப்பா தவறியபோது அவர் கல்லூரியில் சேர்ந்திருந்தார். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் ஒரு மிக்சர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். மாலைக் கல்லூரியில் பட்டம் முடித்துத் தரம் பார்க்கும் பிரிவுக்கு உயர்ந்தார். என் படிப்பு முடிந்த பிறகே மாமாவைக் கைப்பிடித்தார்.

அக்காவின் மூக்கு எங்கள் குடும்பத்துச் சொத்து. மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை கடலை மாவை எடுத்து முகர்ந்தாலே, பச்சையா வறுத்ததா என்று சொல்லிவிடுவார். வறுக்காத பருப்பு மாவுதான் ஒட்டிப் பிடிக்கும். வறுத்த மாவு கலந்துவிட்டால் ஓமப்பொடி எண்ணெயில் உதிர்ந்துபோகும். அப்படிக் கலந்து வந்த மாவை ஒருநாள் அவர் நிறுத்தி வைக்க, மேலாளர், “சொல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம்” என்று, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினாராம். “நான் பண்ணிக்குவேன் சார், எண்ணெய் பண்ணிக்காதே” என்றாராம் அக்கா. பிடிவாதத்தில் எங்கள் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டவர்.

பிறகு தொண்டையில் நோய் வந்தது. கரண்டு வைத்து, அதுதான் கதிர்வீச்சு சிகிச்சை, முடித்ததும் தண்ணீர் இறங்கவே பாடாய்ப் பட்டார். வாய்வழியே ஆகாரம் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார் மருத்துவர். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“மூக்குல மட்டும் வேண்டாம்டா சாமி. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்.”

மறுநாள் மருமகளைக் கூப்பிட்டார். அக்கா மகனைக் கட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன பெண். “கடலையப் பச்சை வாசனை போக வறுத்து, மிஷின்ல கொடுத்து அரைச்சுட்டு வா கண்ணு. கஞ்சி காய்ச்சிப் பாக்கலாம்.”

அந்தப் பெண் பயபக்தியோடு வேர்க்கடலையை வறுத்துக்கொண்டு போனாள். மாவு வரவில்லை, எண்ணெய் கக்கிய விழுதுதான் வந்தது. மிஷின் அடைத்துக்கொண்டு, மில்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

“எங்க ஊர்ல கடலைன்னா இதுதான் அத்தை.”

“இங்க கடலைன்னா கொண்டைக்கடலை கண்ணு! நான் அதோட பருப்பைச் சொன்னேன்.” இருமலும் சிரிப்புமாக அக்கா புரையேறித் தவித்தார். நோய் வந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அதன்பின் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே இறங்கினார்கள். முதல் ஈட்டில் கடலைப்பருப்பு சிவந்துவிட்டது. மணம் தூக்கியது, ஆனால் கஞ்சி சேர்ந்து வராமல் நீர்த்துக் கசந்தது. அடுத்த ஈட்டை மில்லில் கொரகொரவென்று விட்டுவிட்டார்கள், தொண்டையை அறுத்தது. மூன்றாவதாக, நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, சூட்டோடு அரைத்தால் மாவு வேர்த்துக் கட்டிதட்டும் என்பதால் நன்றாக ஆறவிட்டு, இருமுறை அரைத்து, மெல்லிய துணியில் சலித்தார்கள். அந்தக் கஞ்சி வழவழவென்று வந்தது. அக்கா ஒரு வாய் விழுங்கினார். இருமலுக்காக நாங்கள் காத்திருந்தோம், வரவில்லை. “இன்னும் சொல்ப ஊத்து” என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கடைசிவரை குழாய் அவர் மூக்கைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த அக்காவின் கம்பெனித் தோழியருக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியருக்கும், அன்று திட்டினாலும் பிறகு எங்கள் பருப்புக்காகவே மிஷின் கல்லைத் துடைத்துவைத்த மில்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மருமகளுக்கு என்ன சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் காலை அவள்தான் ஊட்டினாள். பாதிக் கிண்ணத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ சாப்பிட்டியா கண்ணு?”

“ஆச்சு அத்தை.”

அக்கா நம்பவில்லை. மிச்சக் கஞ்சியை அவள் பக்கம் நகர்த்தி, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.