துடைக்காத பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணினியின் நினைவகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். இரண்டையும் ஒட்டவைத்து யாரோ ‘நினைவக்கா’ என்று வைத்துவிட்டார்கள். வைத்தவன் யாரென்று இதுவரை வெளியே வரவில்லை, வராமல் இருப்பது அவன் உடம்புக்கு நல்லது. ஏனென்றால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் அடிக்கிற அடியில் ஆண்டுக்கு மூன்று கீபோர்டாவது உயிரை விடும். அவர் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை, எனக்குப் பக்கத்து மேசை. நாற்பத்திரண்டு வயதாகி, தலை பாதி வெளுத்த பிறகும் நான் அவருக்குத் ‘தம்பி’தான்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்வது எங்களுக்குக் கஷ்டம். என் மனைவிக்கு நான் இப்படித்தான் விளக்கினேன். கணினியில் எல்லா நிரல்களுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எந்த நிரலுக்கு நினைவகம் வேண்டுமென்றாலும் அதனிடம்தான் கேட்க வேண்டும். ‘எனக்கு இத்தனை பக்கம் கொடு’, ‘இந்தக் கோப்பை அந்தப் பக்கங்களில் விரித்து வை’, ‘இது போதும், எடுத்துக்கொள்’ என்று கேட்கும். இப்படிக் கேட்பதற்கு அழைப்பு என்று பெயர். பக்கம் என்றால் நினைவகத்தில் ஒரு சின்னத் துண்டு. ஒவ்வொரு இயங்குதளத்திலும் கேட்கும் முறை வேறு, கொடுக்கும் முறை வேறு. எங்கள் நிறுவனம் சொந்தமாக ஓர் இயங்குதளம் விற்றது. வாங்குகிறவர்களோ, இன்னொரு தளத்துக்காக எழுதிய பழைய நிரல்களும் அதில் ஓட வேண்டும் என்றார்கள். அந்த நிரல்கள் இடம் மாறி வந்ததே தெரியாமல் பழைய பாணியிலேயே கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தளம் எப்படிக் கொடுத்திருக்குமோ அப்படியே நம் கெர்னல் கொடுக்க வேண்டும். அதற்கான பகுதியை எழுதியவர் நினைவக்கா.

“அதாவது, புகுந்த வீட்டுக்கு வந்ததே தெரியாத மாதிரி மருமகள வச்சுக்கணும். அப்படி ஒரு வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க, போய்ப் பாக்கறேன்” என்றாள் என் மனைவி.

அந்தத் தளத்தின் குசும்புகள் கொஞ்சமில்லை. கோப்பில் எந்த இடத்திலிருந்து விரிக்க வேண்டும் என்பதை நாங்கள் பைட்டில், அதாவது எழுத்து எழுத்தாக, எண்ணினால், அவர்களுடைய ஓர் அழைப்பு பக்கத்தில் எண்ணும். படிக்க மட்டும் என்று கேட்டு வாங்கிய பக்கத்தில் அவர்களுடைய பழைய நிரல்கள் சட்டமாக உட்கார்ந்து ஓடவே ஆரம்பித்துவிடும், அந்தத் தளமும் கண்டுகொள்ளாது. “கையேட்டுல எழுதறது ஒண்ணு, செய்யறது ஒண்ணு. அத நம்பினா நாம தெருவுல நிக்க வேண்டியதுதான்” என்று திட்டிக்கொண்டே அக்கா ஒவ்வொரு அழைப்பையும் அந்தத் தளத்திலேயே ஓட்டிப் பார்த்து எழுதினார். பதினொரு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினார். ஒரே ஓர் அழைப்பில் மட்டும் கையேட்டை நம்பிவிட்டார்.

ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக்கூடம் எங்களிடம் வாடிக்கை. ரத்தத்தை அளக்கும் இயந்திரத்தோடு பேசும் நிரலை எழுதிய நிறுவனம் எப்போதோ இழுத்து மூடிப் போய்விட்டது. நிரல் மட்டும் மிச்சம். அதை எங்கள் தளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் அளவு தப்பாக வந்து, அதை நம்பி மருந்து ஏற்றி, மனிதர் பிழைத்ததே பெரிய பாடு. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டார் என்று பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா மேல் பழியைப் போட்டு, வெள்ளிக்கிழமை விசாரணை என்று ஓலை கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் தப்பு உண்டா என்று மருத்துவமனை கடிதம் எழுதிக் கேட்டது. எங்கள் மேலாளருக்கு ‘ஆகட்டும் சார்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், எதுவும் ஆகாது. அவர் என்னிடம் வந்து, “சோதனையில எல்லாம் பாஸ்தானே? குறை எதுவும் இல்லன்னு ஒரு கடிதம் போட்டுடுங்க” என்றார். பாஸ்தான். போட்டேன், என் கையெழுத்தையும் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கையை அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புதன்கிழமை காலை அந்த அம்மாவே போன் செய்தார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அக்கா எடுத்தார். நான் திரும்பி வந்தபோது போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டிருந்தார்.

“நான் குழாய மாத்தலம்மா. இருபத்திரண்டு வருஷமா இதே வேலை. அந்த ஆளோட சாம்பிள்ல பொட்டாசியத்த மெஷின் எடுக்கவே இல்ல. எடுக்கலன்னா ‘மறுபடி எடுக்கவும்’னு வரணும். வரல. நம்பர் வந்துச்சு. அது அவருக்கு முன்னாடி வந்தவரோட நம்பர். நான் சொன்னா யாரும் காது கொடுக்க மாட்டேங்கறாங்க.”

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன் சோதனை மெஷின்ல நினைவகம் எவ்வளவு?”

ஆபீசிலேயே குறைவானது என்னுடையதுதான். புதிது கேட்டு மூன்று முறை எழுதியிருந்தேன், மூன்று முறையும் ஆகட்டும்.

“இருக்கறதுலயே அதிகமா யார்கிட்ட இருக்கு?”

அதையும் சொல்ல வேண்டுமா? கடிதம் படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத மேலாளரிடம். அக்கா நேராக அவர் அறைக்குப் போய், சார் எழுந்து நிற்பதற்குள் வயர்களைப் பிடுங்கிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பரிசோதனைக்கூடத்து நிரலை அதில் போட்டோம். முதல் ஆளுக்கு எல்லா அளவும் கொடுத்தேன். இரண்டாவது ஆளுக்குப் பொட்டாசியத்தைக் கொடுக்காமல் விட்டேன். அறிக்கை வந்தது. இரண்டாவது ஆளின் தாளில், முதல் ஆளின் பொட்டாசியம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நிரல் ஒவ்வொரு ஆளையும் முடித்த பிறகு, அவருடைய அளவுகள் இருந்த பக்கங்களைக் காட்டி, ‘இவை வேண்டாம்’ என்று கெர்னலிடம் சொல்கிறது. அந்தத் தளத்தில் அப்படிச் சொன்ன நொடியே பக்கம் காலி. திரும்பப் படித்தால் பூச்சியம்தான் வரும். பூச்சியத்தைப் பார்த்தால் நிரல் ‘மறுபடி எடுக்கவும்’ என்று அச்சடிக்கும். ஆனால் பழைய கையேட்டில், ‘இப்போதைக்கு வேண்டாம் என்று தெரிவிக்கலாம்’ என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா, எங்கள் கெர்னலில் அதற்குக் கிட்டத்தட்ட இணையான ஒன்றைக் கோத்துவிட்டார். எங்கள் கெர்னல் அந்தப் பக்கத்தைத் துடைக்காது. இடத்துக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் துடைத்து எடுத்துக்கொள்ளும். அதுவரை பழைய எண்கள் அப்படியே இருக்கும், அடுத்த ஆளின் அளவுகளுக்கும் அதே பக்கம்தான். என் ஓட்டை மெஷினில் எந்நேரமும் தட்டுப்பாடு, அதனால் உடனுக்குடன் துடைத்தது, சோதனை பாஸ். மருத்துவமனை வாங்கியதோ பெரிய மெஷின், அதில் தட்டுப்பாடே வரவில்லை.

“என் வரி” என்றார் அக்கா. “ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது. ஒரு நாள் ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஓட்டல. எருமை. நான் ஒரு எருமை.”

கையை ஓங்கி மேசையில் அடித்தார். திருத்தம் நான்கே வரி. அதை எழுதி முடித்த பிறகுதான் சண்டை தொடங்கியது.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெர்னலில் எந்த மாற்றம் செய்தாலும் கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். என்ன தப்பு, எப்போதிருந்து, யார் எழுதியது என்று. ஒருமுறை உள்ளே போனால் முதலாளியே வந்தாலும் அழிக்க முடியாது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைப் படிக்கலாம். ஆகட்டும் சாருக்கு அது நன்றாகத் தெரியும்.

“சரி பண்ணதுல சந்தோஷம். குறிப்புல ‘வேகம் கூட்டப்பட்டது’ன்னு போட்டுடுங்க” என்றார்.

“வேகம் குறையுது சார். ஒவ்வொரு தடவையும் துடைக்கணும்ல.”

“அப்போ ‘நினைவக மேலாண்மை சீரமைக்கப்பட்டது’ன்னு போடுங்க. எல்லாருக்கும் நல்லது.”

“எல்லாருக்கும்னா? அந்தம்மாவுக்கு?”

“அது ஆஸ்பத்திரி விவகாரம். நாம எதுக்கு நடுவுல போய் மூக்க நுழைக்கணும்? தப்பு நம்மளுதுன்னு எழுதினா, எழுதினது யாருன்னும் கேப்பாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அக்கா போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மாடிப்படியில் வந்து நின்றார்கள். “ஒருத்தி வயித்துல அடிச்சுட்டு, அதுக்கு சீரமைப்புன்னு பேரு வைக்கறீங்களா? வெக்கமா இல்ல?” என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சார் அசரவில்லை. வியாழக்கிழமை மாலைக்குள் தான் சொன்னபடி குறிப்பு போகாவிட்டால், அக்கா இனி கெர்னலைத் தொட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத் தன் கணினியைத் திருப்பிக் கேட்டார்.

அன்று மாலைவரை அக்காவின் கோபம் இறங்கவில்லை. வண்டி ஓட்ட விடாமல் நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறையில் தரையில் உட்கார்ந்து கதவு மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். சாரைத் திட்டினார், கையேடு எழுதியவனைத் திட்டினார், என்னையும் விடவில்லை. மனிதர் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்றார் கடைசியில்.

“என்னன்னு சொல்றது? குறிப்பே இன்னும் போடல.”

“லிஃப்ட் நடுவுல நின்னுச்சுன்னா நான் மொதல்ல உள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்டதான் பேசுவேன். கட்டடத்துக்காரன்கிட்ட அப்புறம். நீ காலையிலேருந்து கட்டடத்துக்காரன்கிட்டயே கத்திக்கிட்டு இருக்க.”

“உங்களுக்கு என்ன, சுலபமா சொல்லிட்டீங்க” என்று அவர்மேலும் பாய்ந்தார் அக்கா. ஆனால் மறுநாள் ஒன்பது மணிக்கே வந்து குறிப்பை எழுதினார். நான்கு வரித் திருத்தத்துக்கு முப்பது வரிக் குறிப்பு. வேண்டாம் என்று சொன்ன பக்கத்தைத் துடைக்காமல் வைத்திருந்தது, ஒருவரின் அளவு அடுத்தவரின் அறிக்கையில் போக இதுதான் காரணம், ஆறு ஆண்டுகளாக இருக்கிறது, எழுதியது நான், பரிசோதனைக்கூடத்தில் யாரும் தப்பு செய்யவில்லை. பொத்தானை அடித்து உள்ளே அனுப்பினார். பிறகு போனை எடுத்து, முன்போலவே எனக்கும் கேட்கும்படி வைத்து, அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னார். குழாய் மாறவில்லை, உங்கள் கையில் தப்பில்லை, எழுத்தில் போட்டுவிட்டேன், நாளைக்கு விசாரணையில் அதைக் காட்டுங்கள், தேவையென்றால் நானே வந்து சொல்கிறேன் என்றார். அந்த அம்மா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஒரு நல்ல காரியம் முடிந்த நிம்மதியில் நான் நாற்காலியில் சாய்ந்துகூட விட்டேன்.

“மெஷின் எடுக்காத சாம்பிளுக்கு எல்லாம் இப்படித்தான் நம்பர் வருமா?” என்று கேட்டது அந்தக் குரல்.

“ஆமா.”

“பழைய கம்ப்யூட்டர்ல ஒரு நாளைக்கு மூணு நாலு தடவையாவது ‘மறுபடி எடுக்கவும்’னு வரும். உங்களது வந்து பதினாலு மாசம் ஆச்சு. ஒரு தடவகூட வரல. பரவாயில்லையே, புதுசு நல்லா வேல செய்யுதுன்னு நாங்க எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னோம்.”

அக்கா ஒரு தாளை இழுத்து, பதினான்கு மாதம் என்று எழுதினார்.

“ஒரு நாளைக்கு மூணு பேருங்க. அத்தன தாள்லயும் ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். என் வேலைய விடுங்க, அது போனா போகுது. அவங்கள்ல எத்தன பேரு இப்ப இருக்காங்க? சொல்லுங்க. நீங்க எழுதினதுதானே, சொல்லுங்க!”

“தெரியலம்மா.”

“தெரியலன்னு சொல்லாதீங்க!”

பதினொரு ஆண்டில் அக்காவை எதிர்த்து யாரும் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. அக்கா திருப்பிக் கத்தவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “எந்தெந்த அறிக்கைன்னு நான் கண்டுபிடிச்சுடுவேன். அடுத்தடுத்த ரெண்டு தாள்ல ஒரே நம்பர் இருக்கும். பட்டியல் எடுத்துடலாம்” என்றார்.

“எடுத்து? ஒவ்வொருத்தர் வீட்டுக் கதவையும் நீங்க வந்து தட்டுவீங்களா?”

“தட்டறேன்” என்றார் அக்கா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். குறை எதுவும் இல்லை என்ற கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. நானும் வருகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. மேலாளர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என்மேலேயே எனக்கு வந்த கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஆறவில்லை.

பட்டியலில் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அக்காவும் அந்த அம்மாவும் கதவு கதவாகப் போனார்கள். அவர்கள் கிளம்பிய திங்கட்கிழமை நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.