கரையில் நின்று பாடுகிறவர்கள்

கைபேசியில் ஒரு பழைய இங்கிலீஷ் இசைக்குழுவின் கோடைப் பாட்டுத் தொகுப்பு ஓடுகிறது. கீழே, கேட்டவர்களின் கருத்துகள். 'கடல், வெயில், கவலையே இல்லாத பாட்டுகள்' என்று யாரோ எழுதியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

இதே தொகுப்பு காசிமேட்டில் எங்கள் வீட்டில் கேசட்டாக இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்த மாமா கொண்டுவந்தது. ஒருநாள் காலையில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போன அப்பா, பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. காற்று தகரக்கூரையைப் பிடித்து ஆட்டியது. கேசட்டின் ஒரு பக்கம் முடிய முடிய அம்மா திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். சூடேறிய டேப்ரிக்கார்டரிலிருந்து பிளாஸ்டிக் வாடை வந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வாசலில் நின்று கத்தினார். "ஆம்பள கடல்ல கீறான், உனுக்கு இன்னாடி பாட்டு? நிறுத்து!"

"மாட்டேங்க்கா. காலைல அவரு போட்டுட்டுப் போனது. அவரே வந்து நிறுத்தட்டும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். ஒரு பாட்டு முழுக்க நின்றபடியே கேட்டார். "நல்லாத்தான் பாடறானுங்க. ஆனா கரைல நின்னுகினு பாடறானுங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்தினார். அப்புறம்தான் அம்மா அழுதாள்.

இத்தனை கருத்துகளில் அப்பா சொன்னதை ஒருவரும் சொல்லவில்லை.

இந்தத் தொகுப்பை எனக்கு அனுப்பியவன், கப்பலில் வேலை பார்க்கும் என் மகன். இரண்டு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.