பெலிசா போட்ட மறுப்பு

பால்கெண்டை மீனின் முதுகைப் பிளந்து, சின்ன இடுக்கியால் முள் முள்ளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் பெலிசா. முள்ளெடுத்த மீன்தான் விலை போகும். காலையில் இந்த வேலை, பகலில் ஊர்மன்ற வேலை. அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு, புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று மூன்று முறை உறுப்பினராக இருந்து பார்த்துவிட்டாள். இந்தத் தடவை தலைவர் பதவிக்கு நிற்கிறாள். மனு கொடுக்க நாளை கடைசி நாள்.

போன வாரம் பெயரில்லாத ஒரு பேஸ்புக் கணக்கில் அந்தப் பதிவு வந்தது. பயிற்சி முகாமுக்கென்று இலோயிலோ நகரத்துக்குப் போனவள் ஒரு இஞ்சினியரோடு ஓட்டலில் கூத்தடித்தாள், அதுவும் ஊர்க்காசில் என்று நீளமாக எழுதி, கீழே ஒரு படம். முப்பது பேர் நின்ற படத்தில் இருபத்தெட்டு பேரை வெட்டி எறிந்திருந்தார்கள்.

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் முழுப்படத்தையும் கையில் பிடித்துக்கொண்டு பேசினாள். மகள் ஜோவி வீடியோ எடுத்துப் போட்டாள். நிம்மதியாக இருந்தது, இன்று காலை அதே தெருவில் இருக்கும் மார்லின் என்ற பெண் மீன் வாங்க வரும்வரை.

"அக்கா, ஓட்டல்ல சாப்பாடெல்லாம் எப்படி?"

"வீடியோ பாக்கலையா நீ?"

"எங்கிட்ட ஏதுக்கா டேட்டா? ஓசி பேஸ்புக்ல வெறும் எழுத்துதான் வரும். 'ஓட்டல் விஷயம், என் விளக்கம்'னு நீயே போட்டிருந்தே. அப்ப ஓட்டல் இருக்குதானேன்னு மாமியார் கேக்குறாங்க."

பெலிசாவின் கை நின்றது. தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு ஓசி பேஸ்புக்தான். அவளுக்கும் அதுதான். அன்றைக்கு மட்டும் வீடியோ ஏற்றவென்று ஜோவி டேட்டா போட்டிருந்தாள். அம்மாவும் மகளும் அதிலேயே பார்த்துவிட்டு, ஊரே பார்த்ததாக நினைத்துவிட்டார்கள். புளுகு எழுத்தில் வந்ததால் வீடு வீடாகப் போயிருந்தது. பதில் வீடியோவில் இருந்ததால் யாருக்கும் திறக்கவில்லை.

"எழுத்தாவே போட்டுடலாம்மா," என்றாள் ஜோவி.

"இன்னும் எத்தனை தடவைடி அந்த ஓட்டலை என் வாயால சொல்றது?"

மார்லின் போன பிறகு சமையலறைக்குள் வந்தாள். கணவன் ஆர்செனியோ சோற்றில் கருவாட்டை உதிர்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோ போல ஆள் ஏற்றிப்போகும் டிரைசைக்கிள் ஓட்டுபவன். ஒரு வாரமாகவே பேச்சைக் குறைத்திருந்தான்.

"ஸ்டாண்டுல எனக்குப் பேர் மாத்திட்டாங்க," என்றான் தட்டைப் பார்த்தபடி. "இஞ்சினியர்னு கூப்பிடுறானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. மனு கொடுக்கப் போகும்போது குடும்பமே கூட நடந்து வருவது அங்கே வழக்கம். வாசலில் எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுப்பார்கள். அதில் புருஷன் இல்லாமல் அவள் மட்டும் நின்றால், அந்தப் பதிவு உண்மை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"உன் பச்சைச் சட்டையைத் தேய்ச்சு வெச்சிருக்கேன்," என்றாள். "நாளைக்கு எட்டு மணிக்கு. வர்றியா, ஆர்செனியோ?"

அவன் தட்டைக் கழுவினான். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினான். கையைத் துடைத்துவிட்டு ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தான்.

"வரேன்னாவது சொல்லு. வரலைன்னாவது சொல்லு."

அவளைச் சுற்றிக்கொண்டு, முள்ளெடுத்த மீன் கிடந்த தொட்டியைத் தாண்டி, அவன் வெளியே போனான்.