விடுப்புப் பார்க்க நைல் கரைக்கு

பிரமிட் பார்த்து முடித்த மூன்றாம் நாள், இனிக் கல்லுப் பார்க்க வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். எனக்குச் சனங்களைப் பார்க்க வேண்டும். விடுப்புப் பார்ப்பதில் என்னை வெல்ல, நோர்வேயில் நாங்கள் இருக்கும் அம்மருட் மாடிக் குடியிருப்பிலேயே ஆளில்லை. யார் வீட்டுப் பல்கனியில் என்ன காய்கிறது என்பதுவரை தெரியும். கெய்ரோவுக்கு வந்தும் சும்மா இருப்பேனா?

மகள் சிரிக்கவில்லை. அந்தப் பயணமே என்னைச் சமாதானப்படுத்த அவள் எடுத்தது. ஒரு வருடத்துக்கு முன் அவள் தன் நோர்வேஜியக் காதலனோடு திராமன் நகருக்குக் குடிபோனாள். அங்கேயே இருக்கும் அவனுடைய பெற்றோர் என்னை விருந்துக்கு அழைத்தார்கள். சால்மன் மீனும் கிழங்கும் இருந்த தட்டத்தைத் தாய் நீட்டினார். "வேண்டாம், பரவாயில்லை" என்றேன். எங்கள் ஆட்களில் முதல் தரமே யார் ஓம் என்பார்கள்? அவர் தலையாட்டிவிட்டுத் தட்டத்தை அடுத்தவரிடம் கொடுத்தார். திருப்பிக் கேட்கவே இல்லை. பசியும் கோபமுமாக வீடு வந்து, என்னை ஒரு மனுசியாகவே மதிக்கவில்லை என்று மகளிடம் கத்தினேன். முப்பது வருடம் நோர்வேயில் இருந்தவளுக்கு அவர்கள் வழக்கம் தெரியாதா? வேலையிடத்தில் நன்றாகத் தெரியும். சம்பந்தி வீடு என்றதும் மறந்துபோயிற்று.

இப்போது திரும்பவும் அழைத்திருந்தார்கள். "இந்தமுறை வரேல்லையெண்டால் நான் இனிக் கேக்கமாட்டன், அம்மா" என்று கெய்ரோவுக்கு வரும்போது விமானத்தில் மகள் சொன்னாள்.

அடுத்த நாள் சின்னப் படகொன்றில் நைல் ஆற்றைக் கடந்தோம். எங்களோடு இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு கூடை கோழியும் வந்தன. அக்கரையில் ஆண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கம்பளங்களைத் தேய்த்துக் கழுவினார்கள். அதைத் தாண்டிப் பூச்செடி விற்கும் தோட்டங்கள். அதற்கும் அப்பால், இரும்புப் பாலத்தின் கீழே, ஒரு குடும்பம் முழுவதும் வள்ளத்திலேயே வாழ்ந்தது. அடுப்பு, போர்வைகள், கேத்தில், கயிற்றில் காயும் சட்டை எல்லாம் அதற்குள். மனைவி துடுப்பு வலிக்க, கணவன் நீண்ட தடியால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தான்.

"ஏன் பிள்ளை, தண்ணிக்கு அடிக்கிறான்?"

"மீனை வலைக்குள்ளை கலைக்கிறதுக்கு."

"பாவம், அவளுக்குத்தான் வேலை கூட."

நான் வாய் பார்த்து நின்றதைக் கண்ட அந்தப் பெண், வள்ளத்தைக் கரையில் கட்டிவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடச் சிநேகிதிகளிடம் பொறுக்கிய அரபு கொஞ்சம் உண்டு. அதை வைத்து எத்தனை பிள்ளைகள், மழை பெய்தால் எங்கே படுப்பது, சண்டை பிடித்தால் யார் இறங்கிப் போவது என்று எல்லாம் கேட்டேன். கடைசிக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் மீன் பொரித்து ரொட்டிக்குள் வைத்து நீட்டினாள். நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றேன். திரும்பவும் நீட்டினாள். திரும்பவும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துவிட்டாள். அப்படி ருசி!

"பாத்தியே," என்றேன் மகளிடம். "இதுதான் மரியாதை."

"ஓம், உங்களுக்கு. ஒருக்கா வேண்டாமெண்ட ஆளைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறது திராமனிலை அவனின்ரை அம்மாவுக்கு மரியாதையில்லை. நீங்கள் போனாப்பிறகு அவ குசினிக்குள்ளை நிண்டு அழுதவ. தான் சமைச்சது உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டு."

ரொட்டியைக் கீழே வைத்தேன். "இதை ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

முன்பின் தெரியாத வள்ளக்காரியிடம் அவள் வீட்டுச் சண்டைவரை கேட்டவள் நான். என் பிள்ளையிடம் ஒரு வருடமாக ஒன்றும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "அவன்ரை அம்மா இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிறு திராமனில் அதே மேசை, அதே மீன். அந்தத் தாய் தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேட்பதா விடுவதா என்று நின்றார். அவர் வாய் திறக்குமுன் "யா, தக்" என்று, ஓம் நன்றி என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்லி, என் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன். அவர் இரண்டு துண்டு வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மகள் சிரித்துவிட்டாள்.