சுவருக்குள்ள ஒரு ஒட்டு

என் தொழில் ஒயர் இழுக்கறது. சென்னையில ஆபீஸ், ஆஸ்பத்திரி, காலேஜ்னு எங்க புதுக் கட்டடம் எழும்பினாலும், சுவருக்குள்ள குழாய் வழியா நெட்வொர்க் கேபிள் போட்டு, ரூமுக்கு ரூம் சாக்கெட் வைக்கிறவன் நான். என்கிட்ட வேலை பார்த்த எல்லாருக்கும் என் வாயைப் பத்தித் தெரியும். அதுலயும் ஒரு விஷயத்துல எனக்குப் பேய் பிடிச்சுடும். கேபிள் பத்தலைன்னு எவனாவது ரெண்டு துண்டை முறுக்கி, டேப் சுத்தி, குழாய்க்குள்ள தள்ளினான்னு தெரிஞ்சா அவன் வம்சத்தையே இழுப்பேன். "செவுத்துக்குள்ள ஒட்டு போடறவன் சோத்துல மண்ணைப் போடறவன்டா"ன்னு திட்டி, ஒருத்தனை வேலையை விட்டே அனுப்பியிருக்கேன். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா பின்னாடி நான் பண்ணினது அவன் பண்ணினதைவிடக் கேவலம்.

நான் பொறந்தது பழவேற்காட்டுப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பம். அக்காவை அதே குப்பத்துலயே கட்டிக் குடுத்தாங்க. அக்கா வீட்டுக்காரரை நான் மாமான்னு கூப்பிடுவேன். ஃபைபர் படகு வச்சிருக்கார். கடல்ல அவர் கில்லாடி, கரைக்கு வந்தா வாயே திறக்க மாட்டார். ரொம்ப வருஷம் ஷீட் போட்ட வீட்ல இருந்துட்டு ஒருவழியா காங்கிரீட் வீடு கட்ட ஆரம்பிச்சார். கீழ ஹாலும் சமையக்கட்டும், மாடியில ஒரே ஒரு ரூம். மாடி ரூம் மகளுக்கு. அவ அப்போ நர்சிங் கடைசி வருஷம்.

புது வீட்ல பால் காய்ச்சறப்போ தாய்வீட்டு சீர் வரணும். எங்க அம்மா அப்பா போய்ச் சேர்ந்துட்டாங்க, அதனால தாய்வீடுன்னா நான் தான். குத்துவிளக்கும் அண்டாவும் ஊர்ல எல்லாரும் வைக்கிறது. எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் இல்லையா, அக்காகிட்ட சொன்னேன்: "இந்தக் குப்பத்துல எவன் வீட்லயும் இல்லாத சீர் ஒண்ணு செய்யறேன் பாரு. ஹால்ல டிவிக்கு, வாசல்ல படகைப் பார்த்த மாதிரி ஒரு கேமராவுக்கு, மாடியில கம்ப்யூட்டருக்கு, எல்லாத்துக்கும் செவுத்துக்குள்ளயே லைன். வெளிய ஒரு ஒயர் தொங்காது." ஹால்ல ஒரு வைஃபை பெட்டி வச்சா போதாதான்னு மாமா மெதுவா கேட்டார். காங்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு சிக்னல் ஏறாது மாமான்னு பெரிய படிப்பு படிச்சவன் மாதிரி விளக்கினேன். அக்கா ஊர் பூரா சொல்லிட்டு வந்துட்டா.

சைட்ல மிச்சமான கேபிள் பெட்டியைத் தான் கொண்டு போனேன். கூடப்பொறந்தவளுக்கு சீர் செய்யப் போறவன் மிச்சம் மீதியைத் தூக்கிட்டுப் போறோமேன்னு அப்போ எனக்கு உறைக்கல. காலையில இருந்து இழுத்து, சாயங்காலம் கடைசி லைனுக்கு வந்தேன். ஹால்ல இருந்து படிக்கட்டுச் சுவர் வழியா மாடிக்குப் போற லைன். ரெண்டு பாகம் பத்தல. ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம் ஒரு பாகம், எங்க ஊர்ல கயிறு அளக்கறது அப்படித்தான். பஸ் பிடிச்சு பொன்னேரி போனாலும் அந்தக் கேபிள் கிடைக்குமான்னு சந்தேகம். மறுநாள் காலையில கொத்தனார் பூச்சுக்கு வர்றார். அவரை ஒத்தி வச்சா திரும்ப எப்போ வருவாரோ. அதைவிட, இன்னிக்கே முடிச்சுடறேன்னு அக்காகிட்ட அளந்து விட்டிருந்தேன்.

எங்க குப்பத்து ஆளுங்களுக்கு ஒட்டுங்கறது ஒரு குத்தமே இல்ல. வலைன்னா என்ன, முடிச்சு மேல முடிச்சு. அறுந்த கயிறை யாரும் தூக்கிப் போடறதில்ல, இழை பிரிச்சுப் பின்னிச் சேர்ப்பாங்க. சேர்த்த இடம் பழைய இடத்தைவிடப் பலமா நிக்கும். நானும் பத்து வயசுல இருந்து அதைப் பண்ணினவன். தொழில்ல கத்துக்கிட்டதெல்லாம் தலையில இருந்துச்சு, ஆனா கை அந்த நேரத்துல குப்பத்துக் கையா ஆயிடுச்சு. மத்த லைன்ல வெட்டின மிச்சத் துண்டை எடுத்தேன். கேபிளுக்குள்ள இருக்கற எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து முறுக்கினேன், டேப் சுத்தினேன். குழாய்க்குள்ள போறப்போ பிரியக் கூடாதேன்னு மாமாவோட வலைப் பையில இருந்து பச்சை நைலான் நூலை எடுத்து, நெருக்கமா வரிஞ்சு கட்டினேன்.

நான் பீச்சாங்கைக்காரன். மத்தவங்க சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா என் கட்டு சுத்தும். சின்ன வயசுல கரையில உட்கார்ந்து வலை சரி பண்றப்போ, அதைப் பார்த்தே "இது அவன் கட்டுடா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. குப்பத்துல எவன் கட்டையும் எவனும் கண்டுபிடிச்சுடுவான், கையெழுத்து மாதிரி அது.

குழாய்க்குள்ள இழுத்து விட்டேன். டெஸ்டர்ல எல்லா விளக்கும் பச்சையா எரிஞ்சது. மாமா அப்போ கடல்ல இருந்தார். மறுநாள் பூச்சு பூசியாச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க, நான் சிமெண்டுல மறைச்சுட்டேன்.

பால் காய்ச்சின அன்னைக்கு எனக்கு ஏகப்பட்ட மரியாதை. வந்தவங்களையெல்லாம் அக்கா மாடிக்குக் கூட்டிட்டுப் போய் சாக்கெட்டைக் காட்டினா. மாமா செஞ்சது ஒண்ணே ஒண்ணு. விடியக்காலையில குளிச்சுட்டு, படிக்கட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சு, அவரோட நைனா, அதான் அவங்க அப்பா, படத்தை மாட்டி மாலை போட்டார். அந்த நைனா ஒரு புயல்ல கடலுக்குப் போனவர், உடம்பு கரைக்கு வரல. வேற போட்டோவும் கிடையாது. அடையாள அட்டையில இருந்த சின்னப் படத்தைப் பெருசு பண்ணினது, மூஞ்சி கொஞ்சம் கலங்கலா இருக்கும். புது வீட்ல முதல்ல அடிச்ச ஆணி அது தான்.

ஒரு மழைக்காலம் போச்சு. அக்கா மகள் படிப்பு முடிச்சா. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணுல வேலைக்குக் கூப்பிட்டு, வீடியோவுல இன்டர்வியூன்னு சொன்னாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து தான் பேசணும்னு விதி. நான் குடுத்த பழைய கம்ப்யூட்டர் தான், ஒயர் இல்லாம அதுக்கு நெட் வராது. மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருக்கறப்போ திரை அப்படியே நின்னுடுச்சு. பிடுங்கி மாட்டினாங்க, அணைச்சுப் போட்டாங்க, ஒண்ணும் நடக்கல. மாமாவும் அவளுமா கம்ப்யூட்டரைத் தூக்கி ஹாலுக்குக் கொண்டு வந்து மாட்டறதுக்குள்ள அங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு, வேலை இல்லைன்னு மெயில் வந்துச்சு.

போன்ல அக்கா சொல்றப்பவே அந்த ஒட்டு தான்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. எங்க ஊர் உப்புக் காத்துல சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்காது. முறுக்கி விட்ட செம்புக் கம்பி எப்படித் தாங்கும். எனக்குத் தெரியாதது இல்ல. ஞாயித்துக்கிழமை போனேன். டெஸ்டரை மாட்டினேன், பாதி விளக்கு எரியவே இல்ல. ஹால்ல அக்கா, மாமா, அந்தப் புள்ளை மூணு பேரும் என் வாயையே பார்த்துட்டு நிக்கறாங்க. நான் தலையைத் தூக்கினேன். எதிர்ல மாலையோட நைனா படம்.

"யாரு இங்க ஆணி அடிச்சது?"ன்னு கேட்டேன். சைட்ல ஆளுங்களை அதட்டற அதே குரல்.

"நான் தான் மச்சான்"னார் மாமா.

"லைன் போற செவுத்துல அடிக்கலாமா மாமா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

குழாய் போறது அந்த ஆணிக்கு ஒரு சாண் தள்ளி. பார்த்த உடனே தெரியும் எனக்கு, வச்சவனே நான் தானே. அவர் எதிர்த்து ஏதாவது கேட்டிருந்தா நான் உளறி மாட்டிக்கிட்டிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கல. ஸ்டூல் போட்டு ஏறினார், படத்தை இறக்கினார். என்கிட்டயே கொறடு வாங்கி ஆணியைப் பிடுங்கினார். மகளைப் பார்த்து, "நைனா தப்பு பண்ணிட்டேன்மா, தெரியாம அடிச்சுட்டேன்"னார். அவ மாடிக்குப் போயிட்டா. அக்காவால தாங்க முடியல. "போட்டோவுல இருந்துகினு கூட உங்க நைனா நம்மள உட மாட்டேங்கறாரே"ன்னு கத்தினா. செத்த மனுஷனை அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நானாவது வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. படிக்கட்டு ஓரமா வெளிய தெரியற மாதிரி ஒரு ஒயரை கிளிப் அடிச்சு இழுத்துக் குடுத்துட்டு, அக்கா போட்ட நண்டுக் குழம்பையும் தின்னுட்டு பஸ் ஏறினேன். அதை நினைச்சா இன்னிக்கும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அதுக்கப்புறம் சைட்ல ஒருத்தன் ஒட்டு போட்டதைப் பார்த்தேன். புதுசா மாத்துப்பான்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டான் அவன்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனப்போ தான் கவனிச்சேன். அந்த வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல்ல சாய்ச்சு வச்சிருக்கு. கடிகாரம் டிவி பக்கத்துல படுத்திருக்கு. மாமா சட்டையெல்லாம் நாற்காலி மேல. நைனா படம் ஃபிரிட்ஜ் மேல, அரிசி டப்பாவுக்கும் மிக்சிக்கும் நடுவுல. "ஒரு கொக்கி அடிச்சுக் குடுன்னா அடிக்க மாட்டேங்கறாருடா. மச்சான் வரட்டும், எங்க லைன் போவுதுன்னு கேட்டுகினு அடிக்கலாம்ங்கறாரு"ன்னு அக்கா சிரிச்சா. எலி வளையானாலும் தனி வளைன்னு கட்டின வீட்ல அந்த மனுஷன் வாடகைக்கு இருக்கிறவர் மாதிரி ஒதுங்கி நடந்துட்டு இருந்தார்.

அப்பவும் உண்மையைச் சொல்லணும்னு தோணலை பாருங்க. புதுக் கேபிளை மாத்திட்டு, பழைய ஒட்டை எடுத்து பழவேற்காட்டு ஏரியில வீசிட்டா போதும்னு தான் கணக்குப் போட்டேன். முழுப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு, மாமா கடலுக்குப் போயிருப்பார்னு ஒரு நாள் பார்த்துப் போனேன். அன்னைக்கு வாடைக் காத்து. ஒரு படகும் இறங்கல. மாமா வாசல்லயே உட்கார்ந்து நூல் சுத்திட்டு இருந்தார்.

பழைய கேபிள் முனையில புதுசைக் கட்டி, இன்னொரு பக்கத்துல இருந்து பழசை இழுத்தா, பழசு வெளிய வரும், புதுசு உள்ள போகும். அது தான் முறை. "நீங்க மாடியில நின்னு விடுங்க மாமா, கீழ நான் இழுக்கறேன்"னேன். அவர் சிரிச்சார். "கயிறு இழுக்கறதை எனக்கு நீ சொல்லித் தர்றியா? மேல போ"ன்னு கீழ் முனையைக் கையில எடுத்துக்கிட்டார். வேணாம்னு சொல்ல எந்தக் காரணமும் இல்ல. ஒட்டு கீழ இருந்து மூணாவது பாகத்துல இருக்கு.

மாடியில உட்கார்ந்து கேபிளை விட்டேன். அவர் இழுக்கற இழுப்பு கைக்குத் தெரிஞ்சது. ஒரு பாகம் போச்சு. ரெண்டு. மூணாவதுல நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப இழுத்தார், பழசு பூரா வந்து புதுசு கீழ எட்டற வரைக்கும் ஒழுங்கா இழுத்து முடிச்சார். நான் இறங்கி வந்தேன்.

பழைய கேபிளை வட்டமா சுத்தி வச்சிருந்தார். ஒட்டு மட்டும் அவர் உள்ளங்கையில. பச்சை நூல் இன்னும் கெட்டியா இருந்துச்சு, டேப் விட்ட இடத்துல கம்பி களிம்பு ஏறி இத்துப் போயிருந்துச்சு. கட்டு சுத்தியிருக்கிற பக்கத்தைக் கட்டை விரலால தடவிப் பார்த்தார்.

"உன் கட்டு தானே மச்சான்?"

"ஆமா மாமா."

"என் நூலு."

"ஆமா."

சமையக்கட்டுல இருந்து அக்கா, "இன்னா ஆச்சு, வந்துச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. மாமா சட்டுனு கையை மூடிக்கிட்டார். "வந்துச்சு, ஒண்ணும் இல்ல"ன்னார். என் தப்பை மறைச்சார். அதுக்குப் பதிலா அவர் என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அப்போ தான் சொன்னேன். "அக்கா, ஆணியால போகல. நான் உள்ள ஒட்டு போட்டிருந்தேன், அது இத்துப் போச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சே மாமா மேல போட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னை இன்னா வெட்டியா போட்டிருப்பேன்?"னா அக்கா. அப்புறம் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பி, "அவரை இன்னான்னல்லாம் பேசிட்டேன்"னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அக்கா மகள் இப்போ சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்குப் போறா. நீயே போன் போட்டு அவளுக்கும் சொல்லுன்னா அக்கா. சொல்றேன்னேன்.

மாமா ஃபிரிட்ஜ் மேல இருந்த படத்தை எடுத்துத் தோள் துண்டால துடைச்சார். ஒரு ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு ஸ்டூல்ல ஏறினார். பழைய ஓட்டையை அவரே வெள்ளை சிமெண்ட் வச்சு அடைச்சிருந்தார், அந்த அடையாளம் இருந்துச்சு. அதுலயே ஆணி முனையை வச்சுட்டு, என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், இங்க அடிக்கலாமா?"

குத்திக் காட்டறதுக்காகக் கேட்கல. நெஜமாவே கேட்டார். தலையை ஆட்டினேன். நான் ஆட்டற வரைக்கும் அவர் சுத்தியலை ஓங்கல.